நாணயத்தில் விழுந்த தடம் எங்கே பிறந்தது? நாணயச்சாலைப் பிழையையும் பிற்காலச் சேதத்தையும் பிரித்தறியும் முறை

பத்து ரூபாய் நாணயத்தில் கோடுகள் பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி உண்டா இல்லையா என்று பார்த்துவிட்டு வாங்க மறுத்த கடைகள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. குமரி மாவட்டமும் விலக்கில்லை. இன்று அதே சந்தேகம் வேறு வடிவத்தில் சுற்றுகிறது. ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி, சிங்கத் தலைக்கு மேலே ஒரு கோடு, பாதி மங்கிய ஒரு எழுத்து என எதைக் காட்டினாலும் "எரர் காயின், லட்சத்துக்குப் போகும்" என்று சொல்லும் காணொளிகள் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. முன்பு நல்ல காசைச் செல்லாது என்று ஒதுக்கினார்கள். இப்போது அடிபட்ட காசைப் பொக்கிஷம் என்று பூட்டி வைக்கிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தடம் எப்படி விழுந்தது என்று கேட்காமல், தடம் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறோம். ஒரு நாணயத்தில் காணும் எந்த வித்தியாசமும் மூன்றில் ஒரு வகையில் அடங்கும்: வேண்டுமென்றே போட்ட குறி, அச்சடிக்கும்போது நேர்ந்த பிழை, வெளியே வந்தபின் ஏற்பட்ட சேதம். இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். உலோகம் அழுத்தத்துக்கு எப்படி இடம் கொடுக்கும் என்று தெரிந்தால் போதும்.

நாணயம் உருவாகும் வழி

இந்திய அரசின் நாணயச்சாலைகள் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் உள்ளன. நான்கிலும் அடிப்படை வேலைமுறை ஒன்றே.

1. தேவையான தடிமனுக்கு உருட்டிய உலோகப் பட்டையிலிருந்து வட்டத் துண்டுகளை வெட்டி எடுப்பார்கள். எழுத்தில்லாத இந்த வெறும் துண்டை இங்கே 'வில்லை' என்போம்.
2. வில்லையை உலையில் சூடாக்கி இளக்குவார்கள். இளகாத உலோகத்தில் எழுத்து ஆழமாக விழாது.
3. வில்லையின் ஓரத்தை நெருக்கிச் சற்று உயர்த்துவார்கள். நாணயத்தின் விளிம்பு இப்படித்தான் தொடங்குகிறது.
4. மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, சுற்றிலும் ஒரு எஃகு வளையம். நடுவே வில்லை விழுந்ததும் இரண்டு அச்சுகளும் ஒரே அடியில் அழுத்தும். உலோகம் பரவி வளையத்தில் முட்டி நிற்கும். ஓரத்தில் உள்ள வரிகள் வளையத்திலிருந்து வருபவை.
5. அடித்த நாணயத்தை வெளியே தள்ளிவிட்டு அடுத்த வில்லை வந்து விழும்.

பத்து ரூபாய், இருபது ரூபாய் நாணயங்களில் வெளிவளையமும் உள்வில்லையும் தனித்தனியாக வரும். அச்சடிக்கும் அதே அடிதான் இரண்டையும் இணைக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதற்கேள்வி: மேடா, பள்ளமா?

ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உருளையில் எங்கே பள்ளமோ, ஷீட்டில் அங்கே மேடு. அச்சும் அப்படித்தான். அச்சில் ஒரு விரிசல் விழுந்தால், அடி விழும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறி, நாணயத்தில் மெல்லிய மேட்டுக்கோடாக நிற்கும்.

ஆகவே தடத்தை நகநுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்.

தடம் மேடாக இருந்து, அதன் நிறமும் பளபளப்பும் சுற்றியுள்ள தளத்தோடு ஒன்றாகத் தொடர்ந்தால் அது அச்சிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வெளியே வந்த நாணயத்தில் புதிதாக உலோகத்தைச் சேர்க்க ஈயமோ பற்றவைப்போ வேண்டும். அது நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

தடம் பள்ளமாக இருந்தால் முதலில் சேதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆணி, கல், இடுக்கி எது கீறினாலும் அங்கிருந்த உலோகம் மறைந்துபோவதில்லை. பள்ளத்தின் கரையில் ஒதுங்கி நிற்கும். லென்ஸின் கீழ், பள்ளத்தின் ஒரு பக்கமோ இருபக்கமோ உயர்ந்த வரப்பு தெரிந்தால் அது பின்னால் விழுந்த அடி. எழுத்தின் மேல் அடி விழுந்திருந்தால் அந்த எழுத்தின் தலை நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியிருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே கம்பித்துண்டு, துணிநூல், மசகுப்பசை எதாவது சிக்கினால் அதன் வடிவம் நாணயத்தில் பள்ளமாகப் பதியும். இது நாணயச்சாலைப் பிழையே. இதில் கரை வரப்பு இருக்காது. பள்ளத்தின் ஓரம் வழுவழுப்பாக இறங்கும்.

பிழை என்று தவறாக எண்ணப்படும் நல்ல குறிகள்

ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சிறு குறி, நாணயம் அடித்த சாலையைச் சொல்கிறது. மும்பைக்கு வைரவடிவம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப்புள்ளி. கொல்கத்தா எந்தக் குறியும் போடுவதில்லை. 'புள்ளி காயின்' என்று விலை பேசப்படுவது பெரும்பாலும் நொய்டாவின் சாதாரண நாணயம். குறியே இல்லாத நாணயம் கொல்கத்தாவின் சாதாரண நாணயம்.

1980களிலும் 90களிலும் உள்நாட்டில் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளிநாட்டுச் சாலைகளிலும் நம் காசை அடித்து வாங்கினார்கள். 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் காணும் 'எச்' எழுத்து இங்கிலாந்தின் ஹீட்டன் ஆலையைக் குறிக்கும். கனடாவின் 'சி', மாஸ்கோவின் 'எம்எம்டி', வட்டத்துக்குள் சிறு 'எம்' போட்ட தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா, 'எம்கே' போட்ட ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா எல்லாம் இந்த வரிசைதான். சேகரிப்பவர்களுக்கு இவை சுவையானவை. பிழைகள் என்ற கணக்கில் வராதவை.

பத்து ரூபாய்க் குழப்பத்துக்கு விடை இன்னும் எளிது. ரூபாய்க் குறியை அரசு ஏற்றது 2010 ஜூலையில். அதற்கு முந்தைய வடிவில் அது இருக்க வழியே இல்லை. பதினைந்து கோடு பழைய வடிவம், பத்து கோடு பின்னால் வந்த வடிவம். 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று தெளிவாகச் சொன்னது.

குமரி மாவட்டத்துக்கே உரிய குழப்பம் ஒன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணையும்வரை இது திருவிதாங்கூரையும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்த நிலம். அதனால் பழைய வீடுகளின் பெட்டிகளில் சக்கரமும் காசும் பணமும் இன்றும் கிடைக்கின்றன. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம் என்பது அந்தக் கணக்கு. சங்கு முத்திரை போட்ட இவற்றில் பலவற்றில் ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். '1116' என்று கண்டதும் ஒன்பது நூற்றாண்டுப் பழமை என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் நம் ஆண்டு வரும். 1116 என்பது 1940-41. தாத்தா காலத்துக் காசு, அவ்வளவுதான்.

இயந்திரத்துக்கு முந்தைய வெள்ளிச் சக்கரங்கள் மிகச் சிறியவை. விரலால் எண்ண முடியாது என்பதால் குழிகள் வெட்டிய மரப்பலகையில் கொட்டி, குழி நிரம்பியதைக் கொண்டு எண்ணினார்கள். இவற்றைக் கையால் அடித்தார்கள். அச்சு வில்லையைவிடப் பெரிதாக இருக்கும். முத்திரை பாதி வெளியே போயிருப்பதும், ஓரம் கோணலாக இருப்பதும் அவற்றின் இயல்பு. இயந்திர நாணயத்துக்கு வகுத்த பிழைக் கணக்கை இவற்றின் மேல் போடக்கூடாது.

உண்மையான நாணயச்சாலைப் பிழைகள்

*வில்லையில் நேர்பவை.* பட்டை சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே கத்தி மறுபடி விழுந்தால், பிறை கடித்தது போன்ற வில்லை கிடைக்கும். இதை அரத்தால் தேய்த்துப் போலியாகவும் செய்கிறார்கள். பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. குறைந்த இடத்துக்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். ஓரத்தை நெருக்கும் இயந்திரத்தில் ஒரு பக்கம் உலோகமே இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் சரியான அழுத்தம் கிடைக்காது. அதனால் அசல் பிழையில் எதிர்விளிம்பு மெலிந்தோ மங்கியோ இருக்கும். வீட்டில் அரம் போட்ட காசில் எதிர்விளிம்பு முழுமையாக நிற்கும். அசலில் குறைக்கு அருகே உள்ள எழுத்துகள் அதை நோக்கிச் சற்று இழுபட்டுப் பரவியிருக்கும். போலியில் எழுத்து கத்தியால் வெட்டியது போல் நின்றுவிடும்.

பட்டையில் மாசு கலந்திருந்தால் மேற்பரப்பு செதிலாக உரியும். உரிந்த இடத்தின் அடியில் உலோகத்தின் வரிவரியான போக்கு தெரியும்.

*அச்சில் நேர்பவை.* இந்தியாவில் அதிகம் கிடைக்கும் பிழைகள் இவைதான். துருப்பிடிக்காத எஃகு கடினமானது, அதை அடிக்க அடிக்க அச்சு சீக்கிரம் களைத்துப்போகிறது. முதலில் மயிர்க்கோடு போன்ற விரிசல், பிறகு அது கிளைவிட்டு விளிம்பைத் தொடுதல், கடைசியில் அச்சின் ஓரம் உடைந்து விழுதல் என்ற வரிசையில் போகும். ஓரம் உடைந்த அச்சு அடித்த நாணயத்தில் விளிம்பை ஒட்டி உருவமற்ற உலோகத் திட்டு ஒன்று மேடாக நிற்கும். அந்த இடத்துக்கு நேரே மறுபக்கத்தில் எழுத்து மங்கியிருக்கும். உலோகம் உடைந்த பள்ளத்துக்குள் ஏறிவிட்டதால் மறுபக்கத்துக்குப் போதவில்லை. இந்த மங்கல் இல்லாத 'திட்டு' என்றால் பற்றவைப்பைச் சந்தேகியுங்கள்.

அச்சின் எழுத்துக்குழியில் பசையும் தூசும் அடைந்தால் எழுத்து மங்கும் அல்லது காணாமல் போகும். தேய்மானத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தேய்மானம் உயரமான இடங்களில் தொடங்கி எல்லாப் பக்கமும் பரவும். அடைப்பு ஓரெழுத்தை விழுங்கிவிட்டு அடுத்த எழுத்தைக் கூர்மையாக விட்டுவிடும். யாராவது உரசி எழுத்தை எடுத்திருந்தால் அந்த இடத்தில் ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்கள் இருக்கும்.

அச்சிலிருந்து சிறு துணுக்கு பெயர்ந்தால் நாணயத்தில் புள்ளி போல ஒரு மேடு வரும். ஆண்டுக்குப் பக்கத்தில் வந்தால் நொய்டாப் புள்ளி போலவே தோன்றும். நொய்டாப் புள்ளி ஒழுங்கான வட்டம், எப்போதும் ஆண்டின் கீழ் நடுவே இருக்கும். பெயர்ந்த துணுக்கின் தடம் கோணல்மாணலாக இருக்கும்.

வில்லை விழாமலே இரண்டு அச்சும் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றொன்றில் பதிந்துவிடும். பிறகு வரும் நாணயங்களின் வெறுந்தளத்தில் மறுபக்க உருவத்தின் விளிம்புக்கோடு இடவலம் மாறி மங்கலாகத் தெரியும்.

அச்சு திரும்பிப்போவதும் உண்டு. நம் நாணயத்தில் தலைப்பக்கம் நிமிர்ந்திருக்கும்படி பிடித்து, புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்பினால் பூப்பக்கமும் நிமிர்ந்தே வரவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அச்சு திரும்பியிருக்கிறது. அமெரிக்க நாணயங்கள் இயல்பாகவே தலைகீழாக வருபவை. சுற்றுலாப் பயணிகள் விட்டுப்போன காசைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

*அடிக்கும்போது நேர்பவை.* வில்லை நடுவில் உட்காராமல் அடி விழுந்தால் உருவம் ஒருபக்கம் ஒதுங்கி, மறுபக்கம் வெறுமையாகப் பிறை போல நிற்கும். அச்சுப்பெட்டிக்கு வெளியே யாராலும் எளிதில் செய்யமுடியாத பிழை இது. ஆகையால் மதிப்பும் உண்டு.

சந்தையில் 'லக்கி' என்று சொல்லும் பிழையும் இவ்வகையே. அடித்த நாணயம் வெளியேறாமல் ஒரு அச்சில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை வருகிறது. அதன் ஒருபக்கம் அச்சின் முறையான உருவம் பதிய, மறுபக்கம் ஒட்டிய நாணயத்தின் உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதிகிறது. இதற்கு மிக நெருக்கமான போலி, இரண்டு நாணயங்களை இறுக்கும் வைஸில் வைத்து நசுக்குவது. அதில் நாணயத்தின் சொந்த உருவம் அழியாமல் அடியில் கிடக்கும். அதன்மேல் இன்னொன்றின் பள்ளத்தடம் ஏறியிருக்கும். வைஸின் தாடை தொட்ட மறுபக்கம் தட்டையாகிப் பளபளக்கும். அசல் லக்கியில் ஒரே பக்கத்தில் இரண்டு உருவங்கள் மோதிக்கொள்ளாது.

குமரியின் காற்றும் கடலும் செய்யும் வேலை

பிற்காலச் சேதத்தில் உரசலும் நசுங்கலும் எங்கும் ஒன்றுதான். தண்டவாளத்தில் வைத்துத் தட்டையாக்கிய காசு முட்டைவடிவில் நீண்டிருக்கும். எடை குறையாமல் அகலம் மட்டும் கூடியிருக்கும். சாலையில் கிடந்த காசில் எல்லாத் திசைகளிலும் கீறல் ஓடும். நெருப்பில் கிடந்த எஃகுக் காசு வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வண்ணம் காட்டும். 'வானவில் காயின்' என்று விற்கப்படுவது இதுதான். மேற்பரப்பில் படிந்த ஆக்சைடு படலத்தின் தடிமனுக்கு ஏற்ப நிறம் மாறுகிறது.

வேதிச் சேதத்தில்தான் இடத்துக்கு இடம் வேறுபாடு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் வாங்கும் கடற்கரை மாவட்டத்தில் ஈரமும் உப்பும் வருடம் முழுவதும் இருக்கும். முக்கடல் கூடும் இடத்தில் பக்தர்கள் எறியும் காசும், முட்டம், குளச்சல் கரைகளில் ஒதுங்கும் காசும் ஒரே கடலில் கிடந்தாலும் உலோகத்துக்கு ஏற்ப வேறுவேறு தடங்களோடு வருகின்றன.

எஃகு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளில் 17 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. மழைக்கும் வியர்வைக்கும் அது போதும், கடல்நீரின் குளோரைடுக்குப் போதாது. பாதுகாப்புப் படலம் ஒரு புள்ளியில் உடைந்தால் அரிப்பு அங்கேயே ஆழமாக இறங்கும். ஊசிகுத்தியது போன்ற குழியும் அதைச் சுற்றிப் பழுப்புக் கறையும் இருந்தால் கடல்நீர்தான் காரணம்.

2011 வரிசையின் ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை. செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5 விழுக்காடு. உப்புநீரில் கிடக்கும்போது துத்தநாகம் கரைந்து வெளியேற, செம்பு மட்டும் மேற்பரப்பில் மிஞ்சும். மஞ்சள் காசில் இளஞ்சிவப்புத் திட்டு வருவது இப்படித்தான். 'செம்பு வில்லையில் அடித்த ஐந்து ரூபாய்' என்று சொன்னால் எடை போட்டுப் பாருங்கள். சிவப்பு திட்டுத்திட்டாக இருந்து எடை ஆறு கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது கடல் தின்ற காசு.

ஒன்பது கிராம் எடையுள்ள பழைய ஐந்து ரூபாய் செம்பு-நிக்கல் கலவை. கடல்நீரை நன்றாகத் தாங்கும். கறுத்துப் போனாலும் எழுத்து நிற்கும். அலுமினியப் பைசாக்கள் வெள்ளைப் பொடி பூக்கும். பழைய வீட்டை இடிக்கும்போது நிலைக்காலின் அடியில் கிடைக்கும் அலுமினியக் காசு குழிகுழியாக இருந்தால் சுண்ணாம்பும் சிமெண்டும் அரித்திருக்கின்றன. காரம் அலுமினியத்தை விடாது.

மணவாளக்குறிச்சி பக்கத்துக் கரைமணலுக்குத் தனித் தடம் உண்டு. இல்மனைட், சிர்கான், கார்னெட் கலந்த கறுப்பு மணல் அது. சிர்கானும் கார்னெட்டும் நாணய உலோகத்தைவிடக் கடினமானவை. அலையோடு உருண்ட காசின் மேடுகள் மழுங்கி, தளம் முழுக்க உறைபனி படர்ந்தது போல் மங்கலாகும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் மூலைகளில் துருவோடு இறுகிய கறுப்பு மணிகள் தெரியும். இந்த மங்கலை 'பாலிஷ் போடாத சிறப்பு வெளியீடு' என்று விற்றால் மூலைகளைப் பாருங்கள்.

ரப்பர் தோட்டங்களில் பால் உறையப் ஃபார்மிக் அமிலமும், பால் கெடாமல் இருக்க அம்மோனியாவும் பயன்படுகின்றன. அம்மோனியா பட்ட செம்புக் கலவைக் காசு நீலப்பச்சையாகக் கறைபடும். அமிலம் பட்டால் மேற்பரப்பு மங்கி எழுத்துகள் கரைந்து மெலியும். அமிலத்தில் மெலிந்த நாணயம் விளிம்பு, எழுத்து, தளம் என்று எல்லா இடத்திலும் சீராகச் சிறுத்திருக்கும். 'மெல்லிய வில்லையில் அடித்தது' என்று ஏமாற்றுவது இதை வைத்துத்தான். மெல்லிய வில்லையில் அடித்தது உண்மையானால் அகலம் குறையாது, ஓரமும் கூர்மையாக இருக்கும். தடிமனும் எடையும் மட்டுமே குறையும்.

வெள்ளி ரூபாயின் குறுக்கே நேராக ஓடும் கறுப்புப் பட்டை ஒன்றைப் பலர் விரிசல் என்று நினைக்கிறார்கள். கட்டி வைத்த ரப்பர் பேண்டின் தடம் அது. ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. பட்டையின் அகலம் பேண்டின் அகலமாகவே இருக்கும், விளிம்பைத் தாண்டி மறுபக்கமும் தொடரும்.

கோயில் உண்டியலில் கிடந்த காசில் எண்ணெய், மஞ்சள், குங்குமம் படிந்திருக்கும். அது கறை மட்டுமே, உலோகத்தைத் தொடாது.

நகையில் பூட்டிய நாணயங்களைத் தனியே பார்க்கவேண்டும். காசுமாலையிலும் பதக்கத்திலும் இருந்த நாணயத்தின் மேல்விளிம்பில், கொக்கியைப் பொடிவைத்து ஊதிப் பற்றவைத்த இடம் திட்டாக நிற்கும், நிறம் சற்றே வேறுபடும். கொக்கியை எடுத்துத் தேய்த்திருந்தால் அங்கே ஓரத்து வரிகள் இருக்காது. ஓரத்தில் ஒரு விரற்கடைக்கும் குறைவான பளபளத்த தட்டை இருந்தால் உரைகல்லில் உரசிய தடம். தளத்தில் குத்திய சின்னஞ்சிறு முத்திரைகள், வெள்ளியைச் சோதித்த ஷராப்புகள், அதாவது காசு மாற்றும் வணிகர்கள், போட்டவை. இவை சேதம்தான் என்றாலும் அந்தக் காசு கடந்துவந்த கைகளைச் சொல்கின்றன. தேய்த்து அழிப்பது நஷ்டம்.

திட்டமிட்டுச் செய்பவை

* இருபக்கமும் தலை அல்லது இருபக்கமும் பூ: இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியது. விளிம்பின் உட்புறம் வட்டமாக ஒரு மயிர்க்கோடு ஓடும். கல்லில் போட்டால் ஓசை மந்தமாக இருக்கும்.
* நடுவில்லை இல்லாத பத்து ரூபாய்: தட்டி எடுத்தது. வளையத்தின் உட்சுவரில் கருவி பட்ட கீறல் இருக்கும், இணைந்திருந்த பள்ளத்தடமும் இருக்கும். நடுவில்லை இல்லாமலே அடித்திருந்தால் வளையத்தின் உலோகம் உள்நோக்கி வழிந்து உள்வட்டம் கோணியிருக்கும்.
* வார்ப்புப் போலி: எழுத்து சோப்பு போல வழுவழுக்கும், தளத்தில் காற்றுக்குமிழிக் குழிகள் இருக்கும், ஓரத்தைச் சுற்றி இணைப்புக்கோடு தெரியும்.
* 1818 என்று ஆண்டு போட்டு ராமர், சீதை, அனுமன் உருவத்தோடு வரும் 'கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா': கம்பெனி அப்படி ஒரு புழக்க நாணயத்தை வெளியிட்டதே இல்லை. அரிசியை இழுக்கும் என்று இதை வைத்துத்தான் 'ரைஸ் புல்லிங்' மோசடி நடக்கிறது. செம்பு எதையும் இழுக்காது. இழுத்தால் உள்ளே காந்தம், அரிசியில் இரும்பு.

வீட்டில் சோதிக்கும் வரிசை

வேண்டியவை: பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர், சிறு காந்தம், கைவிளக்கு.

1. கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது நாணயத்துக்கு நஞ்சு. மேற்பரப்பின் பளபளப்புதான் தடத்தின் வயதைச் சொல்லும் சாட்சி. ஒட்டுப்பசையோ எண்ணெயோ இருந்தால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு எடுத்தால் போதும். தேய்க்கக்கூடாது.
2. விளக்கை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில், மேசையோடு தாழ்த்திப் பிடியுங்கள். மேட்டின் நிழல் விளக்குக்கு எதிர்ப்புறம் விழும். பள்ளத்தின் நிழல் விளக்குப் பக்கத்துக் கரையில் விழும். கண்ணை ஏமாற்றும் கோடுகள் இங்கே தெளிவாகிவிடும்.
3. எடையையும் அகலத்தையும் குறியுங்கள். 2011 முதல் 2019 வரை வந்த ஒரு ரூபாய் 3.79 கிராம், 22 மி.மீ. இரண்டு ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ. ஐந்து ரூபாய் 6 கிராம், 23 மி.மீ. அந்தக் காலத்துப் பத்து ரூபாய் 7.71 கிராம், 27 மி.மீ. பன்னிரு கோணமுள்ள இருபது ரூபாய் 8.54 கிராம், 27 மி.மீ. 1992இல் தொடங்கிய எஃகு ஒரு ரூபாயும் 4.85 கிராம், 25 மி.மீ.தான். அதைக் கண்டு 'இரண்டு ரூபாய் வில்லையில் அடித்த ஒரு ரூபாய்' என்று மயங்கவேண்டாம்.
4. காந்தம் வையுங்கள். எஃகுக் காசு ஒட்டும். 2007, 2008இல் ஐந்து ரூபாயும் எஃகில் வந்ததால் காந்தத்தில் ஒட்டும் ஐந்து ரூபாய் போலி ஆகிவிடாது. 1947ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நிக்கல், அதுவும் ஒட்டும். வெள்ளியோ செம்போ ஒட்டினால் அது வெள்ளியும் செம்பும் இல்லை.
5. பழைய வெள்ளி என்றால் அடர்த்தி பாருங்கள். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் நீரில் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எடையால் நாணயத்தின் எடையை வகுக்க வேண்டும். 1939 வரையிலான வெள்ளி ரூபாய் புதிதாக 11.66 கிராம். தராசு 1.13 காட்டினால் அடர்த்தி 10.3 வரும். அது நல்ல வெள்ளி. 8.9 வாக்கில் வந்தால் செம்பு அல்லது செம்பு-நிக்கல்.
6. அதே ஆண்டு, அதே சாலைக் குறியுள்ள வேறு நாணயங்கள் நாலைந்தை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். அதே இடத்தில் அதே விரிசல் இன்னொன்றிலும் கிடைத்தால் அச்சுப் பிழை என்பது உறுதி. கையால் செய்த கீறல் இரண்டு காசில் அச்சுமாறாமல் வராது.

பிழை என்று தெரிந்தபின்

எஃகுக் காசின் மயிர்விரிசலும் மங்கிய எழுத்தும் ஏராளமாகக் கிடைக்கின்றன. முகமதிப்புக்கு மேல் பெரிதாக ஒன்றும் தேறாது. நன்றாக ஒதுங்கி விழுந்த அடி, தெளிவான லக்கி, வேறு காசின் வில்லையில் விழுந்த அடி ஆகியவற்றைச் சேகரிப்பவர்கள் உண்மையாகவே தேடுகிறார்கள். விற்பதானால் பதிவுபெற்ற நாணய ஏலநிறுவனத்தையோ நாணயவியல் கழகக் கண்காட்சியையோ நாடலாம்.

முன்பணம் கேட்பவரை நாடவேண்டாம். பழைய நாணயத்தை வாங்கித் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் வரியும் கேட்பவர்கள் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்ட் 4 அன்று எச்சரித்தது. இத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்றும் சொன்னது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்கவேண்டும்.

சேதமான காசைச் செலவழிப்பது பற்றி 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் பேசுகிறது. உருச்சிதைக்கப்படாமலும், வகுத்த அளவுக்குக் கீழே எடை குறையாமலும் இருந்தால்தான் நாணயம் சட்டப்படி செல்லும். நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் அதே சட்டத்தில் குற்றம். ஆகவே சோதனை என்று சொல்லி அரத்தையும் அமிலத்தையும் எடுக்கக்கூடாது. அச்சுப் பிழையோடு வந்த காசு உருச்சிதைத்த காசு ஆகாது, தாராளமாகச் செலவழிக்கலாம்.

அஸ்திவாரம் தோண்டும்போதோ தோட்டத்திலோ பழங்காசுக் குவியல் கிடைத்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து எடுத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். கழுவாமல், பங்கிடாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பதே முறை.

வைத்துக்கொள்ளும் காசுக்கு இந்த ஊர் ஈரம்தான் முதல் பகை. பிவிசி பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசின் கக்கும். அதனால் பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறையை வாங்குங்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். செம்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி தட்டிவிட்டாலும் மறுபடி பூத்தால், உள்ளே குளோரைடு இருக்கிறது என்று பொருள். அதை மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீரைத் தினமும் மாற்றி, பொடி பூப்பது நின்றபின் நன்றாக உலர்த்தித் தனி டப்பாவில் வையுங்கள்.